கொதிக்கும் காரைக் கொல்லிமலைக்குச் சுமந்தோம்

ராசிபுரம் பக்கத்து மிட்டாதார், அதாவது சின்ன ஜமீன்தார், ஒருவரிடம் நான் டிரைவராக இருந்தேன். கார் ஓடும்போது சீட்டில் உட்காருவதும், ஓடாதபோது அதற்கு அடியில் மல்லாந்து படுப்பதும் என் உத்தியோகம். இரண்டாவது யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷம் இருந்தது. பெரிய எசமானுக்கு ஒரு கார் உண்டு. கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் கோவிலுக்கும் அது ஒரே நிதானத்தில் போய் வரும். மாட்டு வண்டிக்காரர்கள்கூட அதற்கு வழிவிட அவசரப்பட மாட்டார்கள். அந்தக் காரால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை.

தொல்லை அவருடைய மகன் உருவத்தில் பட்டணத்திலிருந்து வந்தது. சட்டம் படிக்கப் போன சின்ன எசமான், சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளைக்காரர்கள் வட்டம் வட்டமாகக் கார் ஓட்டிப் பந்தயம் விடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வட்டமாக ஓட்டினால் புறப்பட்ட இடத்துக்கே அல்லவா வந்து சேருவோம், அதற்கு எதற்கு இத்தனை பெட்ரோல் என்று பெரியவர் கேட்டார். சின்னவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

சீமைக்குத் திரும்பிப்போன காப்பித் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து கூரையில்லாத கார் ஒன்றைச் சின்னவர் வாங்கி வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். பொய் சொல்லக் கூடாது, நல்ல கார். வந்த அன்று முள்ளுக்குறிச்சி வரை போய்த் திரும்பினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாளே அதைப் பந்தயக் காராக மாற்றும் வேலை ஆரம்பமாயிற்று. கனம்தான் வேகத்துக்கு எதிரி என்று சொல்லி மட்கார்டுகளைக் கழற்றச் சொன்னார். முன்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். சைலன்சரைக் கழற்றியதும் கிளம்பிய சத்தத்தில், எங்கள் தெருவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். சேலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து எஞ்சினின் தலைப்பாகத்தை இழைத்து மெலிதாக்கிக்கொண்டு வந்தார். அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வேகம் கூடும். கூடவே சூடும் கூடும் என்று நான் சொன்னேன். அந்தக் கடைசிக் கூடுதல் மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

பிறகு விசிறியைக் கழற்றச் சொன்னார். ரேடியேட்டருக்குப் பின்னால் சுழன்று காற்றை இழுக்கிற விசிறி. எஞ்சின் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறதாம்.

"எசமான், தண்ணி எஞ்சினச் சுத்திச் சூடாகித்தான் ரேடியேட்டருக்கு வருதுங்க. அங்க காத்துப் பட்டாத்தான் ஆறும். ஓடறப்ப எதிர்க்காத்து இருக்கும். நின்னா விசிறிதானுங்க காத்து" என்றேன்.

"பந்தயக் கார் ஏன் நிக்கப் போகுது?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

கடைசியாக ஒரு பித்தளைத் தகடு வந்தது. தோகை விரித்த மயில். அவர்கள் குடும்பச் சின்னம். கும்பகோணத்து வேலை, கண்ணைப் பறிக்கும். அதை எங்கே மாட்டுவது என்று யோசித்து, காரின் நெற்றியில், ரேடியேட்டருக்கு நேர் முன்னால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அடைத்து மாட்டச் சொன்னார். மனிதனுக்கு மூக்கைப் பொத்தி அதன்மேல் பொட்டு வைப்பது மாதிரி இருந்தது. திருகாணிகளை முறுக்கியது என் கைதான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முறுக்கினேன். சம்பளக்காரனின் வீரம் அவ்வளவுதான்.

வற்றிக் கிடந்த ஏரியில் சுண்ணாம்புக் கோடு போட்டு வட்டம் அமைத்தோம். முதல் நாள் மூன்று சுற்றுதான். ரேடியேட்டர் மூடி எகிறி, காரின் தலையிலிருந்து ஆவி பீறிட்டது. சின்னவர் கண்ணாடி அணிந்து தோல் தொப்பி போட்டுக்கொண்டு அந்த ஆவிக்குள் உட்கார்ந்திருந்தார். இட்லிப் பானையில் ஆளை வைத்த மாதிரி.

பண்ணையின் காரியஸ்தருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அவர் தைரியமாகப் பேசினார். "உடம்புச் சூட்டுக்கு மோர்தானுங்களே மருந்து? இதுக்கும் ஊத்திப் பாத்தா என்னங்க?"

சின்ன எசமான் ஒரு கணம் யோசித்தார். சட்டம் படித்தவர் ஆயிற்றே. பிறகு மோர் கொண்டுவரச் சொன்னார். நாலாவது சுற்றில் காரின் மூக்கிலிருந்து மோர்க்குழம்பு வாசனை வந்தது. ஐந்தாவது சுற்று வரவில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் மோர் திரிந்து, கருகி, அடைத்துக்கொண்டிருந்தது. சலவைச் சோடாவும் வெந்நீருமாக ஊற்றி ஊற்றிக் கழுவ எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காரியஸ்தர் பக்கத்தில் நின்று, மோர் கொஞ்சம் புளித்துவிட்டது போல என்றார்.

அந்தச் சமயத்தில் ஜில்லா அதிகாரி ஒருவர் முயல் வேட்டைக்கு எங்கள் பக்கம் வந்தார். வெள்ளைக்காரத் துரை. ஏரியில் கார் கொதித்து நிற்பதைப் பார்த்துக் குதிரையை நிறுத்தி, "இந்த வெயிலில் எதுதான் கொதிக்காது? அடுத்த மாதம் மலை மேல் முகாம் போடுகிறேன். அங்கே காற்று எங்கள் ஊர்க் காற்று மாதிரி. அங்கே ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அது வேடிக்கைப் பேச்சு என்று குதிரைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

சின்னவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். விசிறி, விசிறி என்று நான் இரண்டு மாதமாகக் கத்தியிருந்தேன். துரை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் தமிழில் சொன்னதுதான் பிழை.

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள், உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். வழியெல்லாம் கல்படி. "ரோடு இல்லீங்களே" என்று காரியஸ்தர் சொன்னதற்கு, "கழட்டித் தூக்கிட்டுப் போலாம்" என்றார் சின்ன எசமான். ஓடுவதற்கென்று செய்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டு ஊர்களுக்குச் சொல்லியனுப்பி நாற்பது ஆட்களை வரவழைத்தார்கள். மிட்டா வீட்டுக் காரியம் என்றால் வரத்தான் வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லும் காலம் அது இல்லை. காரின் அடிச்சட்டத்தை இரண்டு மூங்கிலில் கட்டிப் பதினாறு பேர் தூக்கினார்கள். எஞ்சினை ஊஞ்சல் கட்டி எட்டுப் பேர். சக்கரங்கள் ஆளுக்கொன்றாகத் தலையில் போயின. ரேடியேட்டரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பச்சைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். சின்ன எசமான் டோலியில் வந்தார். பந்தய வீரர் படியேறிக் காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா?

பாதி மலையில் சுமையை இறக்கி வைத்தபோது, எஞ்சின் தூக்கியவர்களில் ஒருவர் தோளைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இது தானா ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"அப்புறம் எதுக்குங்க நாங்க தூக்கறோம்?"

கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினேன்.

வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் சமதளமான புன்செய்க் காடு ஒன்றைக் காரியஸ்தர் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். சாமை அறுத்த அடித்தாள் இன்னும் நின்றது. நிலத்துக்காரரைக் கேட்டீர்களா என்றேன். "கேக்கறதுக்கு என்ன இருக்குது, தரிசுதானே?" என்றார். ஆட்களை விட்டு மிதிக்க வைத்து, தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து வட்டப் பாதை போட்டார்கள்.

கழற்றிய காரை நான் திரும்பப் பூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள் நிலத்துக்காரி வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, தானே கொத்தி, தானே விதைத்து, தானே அறுத்துச் சாப்பிடுகிறவர். வட்டத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க காட்டுல எதுக்குத் தம்பி செக்கு ஓட்டற மாதிரி தடம் போட்டிருக்கீங்க?"

சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. காரைச் சுற்றி வந்து, மயிலுக்கு முன்னால் நின்றார்.

"இதோட மூஞ்சியில எதுக்குத் தகடு அடிச்சு வெச்சிருக்குது? உள்ளாற நெருப்பு எரியுதுன்னு சொல்றீங்களே, மூச்சு எப்பிடி உடும்? எங்க ஊட்டு அடுப்புக்கே வாய் வெச்சிருக்கறமே."

எனக்கு அழுகை வராத குறை. "அக்கா, இதைத்தான் நாலு மாசமா நான் சொல்லிட்டு இருக்கறேன்."

"சொன்னா?"

"கேக்க மாட்டேங்கறாங்க."

"சொன்னாக் கேக்காட்டி, செஞ்சுபோட்டுப் போறது."

இவ்வளவு சுலபமான காரியம் நாலு மாதமாக என் புத்திக்கு எட்டவில்லை. சின்ன எசமான் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தகட்டைக் கழற்றி ஒரு பாறைமேல் வைத்தோம். அந்த அம்மாள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மயில் தோகையில் இருந்த கண் ஒவ்வொன்றையும் நான் உளியால் வெட்டி எடுத்தேன். முதல் கண்ணுக்கு உளி இரண்டு முறை வழுக்கியது. பத்தாவது கண்ணுக்கு எனக்குப் பாட்டு வந்தது. மாட்டிப் பார்த்தபோது, வேண்டுமென்றே சல்லடை வேலை செய்தது போல அழகாகத்தான் இருந்தது. தீப்பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்; பொறி தாமதமாக விழுந்தால் எஞ்சினுக்குள் வீண் சூடு தங்கிவிடும். விசிறி மட்டும் ராசிபுரத்தில் மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. அதற்கு என்னிடம் உளி இல்லை.

சாயங்காலம் எழுந்து வந்த சின்னவர் மயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன். அதற்குள் முகாமிலிருந்து வந்த துரை எட்டிப் பார்த்து, அருமை, காற்றுப் போக ஓட்டை வைத்திருக்கிறீர்களே, யார் யோசனை என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என்னுடையதுதான்" என்றார் சின்ன எசமான். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

மறுநாள் காலை பந்தயம். பந்தயம் என்றால் எதிராளி இல்லை, ஒரே கார்தான். ஏறும் முன் அவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். நடுவில் நிறுத்தக் கூடாது. ஓட்டி முடித்த பிறகும் உடனே நிறுத்தாமல், இரண்டு சுற்று மெதுவாகப் போய் எஞ்சினை ஆற விட வேண்டும். மயிலை எதைக் கொண்டும் மறைக்கக் கூடாது. "தெரியும், தெரியும்" என்றார்.

ஓடியது! உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு அந்தக் கார் ஓடிய அழகை நான் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் பார்க்கவில்லை. ஆறு சுற்று, ஏழு சுற்று, எட்டு. சிவப்பு மண் பறந்தது. வளைவில் பின்சக்கரம் வழுக்கும், அவர் பிடித்துத் திருப்புவார். ஓட்டத் தெரிந்தவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்துச் சுற்று முடிந்தும் மூடியில் ஆவி இல்லை. சுமந்து வந்த ஆட்களும் பாறைகள்மேல் நின்று கூவினார்கள். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து, தான் பெற்ற பிள்ளை ஓடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது சுற்று முடிந்தது. துரை எழுந்து கை தட்டினார். மெதுவாக ஓட்ட வேண்டிய இரண்டு சுற்றும் அந்தக் கைதட்டலில் காணாமல் போயின. சின்ன எசமான் காரை நேராகக் கொண்டுவந்து துரை நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சின் உறுமட்டும், கம்பீரமாக இருக்கும் என்று அணைக்காமலே விட்டார்.

காரியஸ்தர் ஓடி வந்தார். கையில் ஆள் உயரச் சாமந்தி மாலை. இரட்டை வடம், நெருக்கக் கட்டியது. துரைக்கும் போடவில்லை, எசமானுக்கும் போடவில்லை. வெற்றி பெற்றது கார் என்று சொல்லி, மயில்மேல் போட்டார். நான் வெட்டிய கண் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பிறகு மடியிலிருந்து காகிதம் எடுத்து வரவேற்புப் பத்திரம் வாசிக்க ஆரம்பித்தார்.

"அணைங்க, எசமான்!" என்று கத்தினேன். சைலன்சர் இல்லாத எஞ்சின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? கையை ஆட்டினேன். உற்சாகத்தில் ஆட்டுகிறேன் என்று நினைத்து அவரும் ஆட்டினார். பத்திரத்தில் துரையின் குலப்பெருமை முடிந்து நீதிநெறி ஆரம்பித்தபோது மூடியோரம் சீறல் கேட்டது. நான் மாலையை இழுக்க ஓடினேன். அதற்குள் சின்னவர் குதித்து இறங்கி, வெறும் கையால் மூடியை அமுக்கினார். கொதிக்கிற தண்ணீரை அமுக்கினால் அடங்குமா?

மூடி வானத்துக்குப் போயிற்று. துருவும் பழைய மோரும் கலந்த செந்நீர், பத்திரத்தின்மேலும் காரியஸ்தரின் மேல்துண்டின்மேலும் துரையின் வெள்ளைக் கோட்டின்மேலும் சமமாக விழுந்தது. துரை தொப்பியைக் கழற்றி உதறினார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கிலீஷ் படித்தவர்கள் எனக்குக் கடைசிவரை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. கூடாரத்துக்குள் போனவர் வெளியே வரவில்லை.

சின்னவருக்கு உள்ளங்கை வெந்துபோயிருந்தது. அந்த அம்மாள்தான் ஓடிப்போய்ச் சுரைக்குடுக்கையில் மலைத்தேன் கொண்டுவந்து தடவிவிட்டார். தடவிக்கொண்டே, "அடுப்புல இருந்து எறக்குன சட்டிய ஆராச்சும் போத்தி வெப்பாங்களா, சாமி?" என்று கேட்டார். சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தேடினார்.

"எல்லாம் இவனாலதான். மயிலக் குத்திக் கெடுத்தது இவன்தான். இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

நேற்றுச் சாயங்காலம் அந்த ஓட்டைகள் அவருடைய யோசனையாக இருந்தன. ஓர் இரவில் எனக்கு உரிமையாகிவிட்டன.

என் வேலை போன பத்து நிமிஷத்தில் காரியஸ்தர் இன்னொரு சங்கதி கண்டுபிடித்தார். சுமந்து வந்த நாற்பது பேரும் இல்லை. சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. துரை கூடாரத்துக்குள் போனதைப் பார்த்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் காட்டைப் பார்த்துப் போய்விட்டார்கள். டோலி தூக்கியவர்களும் போய்விட்டார்கள். டோலி மட்டும் மரத்தடியில் இருந்தது.

ஆகவே சின்ன எசமான் நடந்து இறங்கினார். இருப்பது ஒரே வழி என்பதால் நானும் அதே வழியில் இறங்கினேன். முகத்தில் விழிக்காதே என்று சொல்லியிருந்ததால் பத்துப் படி பின்னாலேயே வந்தேன். காரியஸ்தர் எங்களுக்கு நடுவே, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு வந்தார். பந்தயத்துக்கென்று தைத்த பூட்ஸ், கல்படிக்குத் தைத்ததல்ல. பாதி மலையில் சின்னவர் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அட்டைப்பூச்சி காலில் ஏறியபோது, கட்டுப் போட்ட கையால் பிடுங்க முடியாமல் தடுமாறினார். நான் போய்ப் பிடுங்கிப் போட்டேன். அப்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விசிறி இருந்திருந்தாக் கொதிச்சிருக்காதா?"

"கொதிச்சிருக்காதுங்க."

பூட்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாலு படி இறங்கினார்.

"அத நீ அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

என்னை மீண்டும் வேலைக்குச் சேர்க்கவில்லை. நான் முள்ளுக்குறிச்சி வழியாகப் போகும் பஸ்ஸில் டிரைவரானேன். மலைமேல் நின்ற காரைக் கொண்டுவரச் சின்னவர் மூன்று முறை ஆள் அனுப்பினார். வாரமுங்க, மிளகு பறிச்சுப்போட்டு வாரமுங்க என்று மலையில் மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள். மிளகு பறித்து முடிந்தும் வரவில்லை. கடைசியில் பெரியவர் தாமே நடந்து ஏறிப்போய், ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, என் மகன் செய்தது பிசகு என்று சொன்னாராம். எட்டுப் பேர் எழுந்து எஞ்சினை மட்டும் இறக்கிக் கொடுத்தார்கள். அதைக் கிணற்றடியில் பூட்டித் தண்ணீர் இறைக்க வைத்தார் பெரியவர். பூட்டிக் கொடுத்தது நான்தான். அவர் கூப்பிட்டு நான் மறுத்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் எஞ்சினுக்குள் போய் மறு பக்கம் வாய்க்காலில் விழும். நாள் முழுக்க ஓடினாலும் எஞ்சினைக் கையால் தொடலாம். சின்னவர் அந்தப் பக்கம் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுவருஷம் முள்ளுக்குறிச்சிச் சந்தையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். வட்டம் போட்ட இடத்தில் மண் கெட்டித்துப்போய்ச் சாமை முளைக்கவே இல்லையாம். கொத்து கொத்தென்று கொத்தியும் பாதிதான் இளகியதாம். கோபமாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு தன் பக்கத்தில் கிடந்த மிளகு மூட்டையைக் காட்டி, "சும்மா நிக்காம இத மண்டிக்கடை வரைக்கும் தூக்கிட்டு வா, தம்பி" என்றார். பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் டிரைவர் எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.